பாதி வளவில், பாதி வார்டில்: நான் பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்த கதை

கொரோனா சமயத்தில் பி.எஸ்ஸி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தேன். மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். ஆரம்பத்தில் தியரி எல்லாம் தேவகோட்டை வீட்டிலிருந்தே ஆன்லைனில். பிராக்டிகலுக்கு மட்டும் சின்னச் சின்னக் குழுவாகக் கூப்பிட்டார்கள். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியை விசாரித்து, பரிசோதித்து, குறிப்பெழுதும் வேலை இது. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992-லேயே வந்துவிட்ட படிப்புதான். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மட்டும் இன்னமும், "அப்ப நர்ஸா?"

அனாடமி, பிசியாலஜியை வீட்டில் படித்துவிடலாம். இதயச் சத்தம் முடியாது. போன் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி சரியாக வராது. இயர்போனில் ஏதோ கொஞ்சம் கேட்கும். மர்மர், அதாவது இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் இரைச்சல், என்றால் என்ன என்பது வார்டில் ஒருவர் நெஞ்சில் ஸ்டெத் வைத்த அன்றுதான் பிடிபட்டது.

கேஸ் ஹிஸ்டரி எடுப்பதற்கு வீட்டைவிட நல்ல இடம் இல்லை. அப்பத்தாவை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்காரவைத்து, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றேன். "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, வெள்ளையா இருக்கும்." சரி, டப்பாவையே எடுத்து வரச் சொன்னேன். பழைய முறுக்கு டப்பா. உள்ளே ஒன்றும் இரண்டுமாகக் கத்தரித்த அட்டைத் துண்டுகள், பாதிப் பெயர்கள். சேர்த்துவைத்துப் படித்தால் சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின். கால் வீங்குகிறது என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம் என்று அப்போதுதான் பார்மகாலஜியில் படித்திருந்தேன். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்ல நான் யார்? கேட்டதையும் பார்த்ததையும் எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் அப்பத்தாவின் இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார். அடுத்தடுத்த வாரங்களில் வீக்கம் வடிந்தது.

இன்டர்ன்ஷிப்பிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான், வேகம் மட்டும் பத்து மடங்கு. காலை ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே ராத்திரி நடந்ததை விசாரித்து வைத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிடும். அதில் டோஸ் ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் ஆபத்து என்பதால் சீனியர் டாக்டர் வரிக்கு வரி பார்த்துதான் கையெழுத்துப் போடுவார்.

வீட்டிலிருந்து பாதி படிக்கலாம் என்று யாராவது சேர்க்கக் கூப்பிட்டால், மீதிப் பாதி எந்த ஆஸ்பத்திரியில், எந்தெந்தப் பிரிவில் என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள். முழுக்க ஆன்லைன் என்றால் பணமே கட்டாதீர்கள்.