நாலு மணிக்குக் கடை சாத்தற ஊர்ல ஒரு மோக்கா

மெல்போர்ன் வந்த முதல் வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு ஊர்ப் பழக்கத்துல கால் தானா வீட்டுக்குப் பக்கத்துல இருந்த கஃபேக்குப் போயிருச்சுங்க. உள்ள சேரெல்லாம் டேபிள் மேல கவுந்து கெடக்குது, ஒரு பொண்ணு தரை தொடைச்சுட்டு இருக்கு, "ஸாரி, க்ளோஸ்ட்"ங்குது. கோயம்புத்தூர்ல நாலு மணின்னா பேக்கரி முன்னாடி வண்டி நிறுத்த எடம் கெடைக்காது. இங்க விடிகாலைல தொறந்து மத்தியானம் மூணு மணியோட பல கஃபேயில மிஷினைக் கழுவி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க.

அதனால சனிக்கிழமை காலைல சுத்த ஆரம்பிச்சோம், நானும் வீட்டம்மாவும். தேடுனது மோக்கா, சாக்லேட் கலந்த காபி. ஏன் மோக்கான்னா, ஆபீஸ்ல எல்லாரும் ஃபிளாட் ஒயிட்டுங்கற பால் காபியைச் சக்கரை இல்லாம குடிக்கறாங்க, நான் மட்டும் மூணு பொட்டலம் கிழிச்சுக் கொட்டறதுக்குக் கூச்சமா இருந்துச்சு, மோக்கான்னா இனிப்பு உள்ளயே வந்துடுது, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஏமன்ல இருக்கற ஒரு பழைய துறைமுகத்தோட பேராம் அது, ஒரு காலத்துல காபிக்கொட்டை அங்கிருந்துதான் கப்பலேறுச்சு, சாக்லேட் சகவாசமெல்லாம் அப்புறம் வந்தது.

மெல்போர்ன்ல கிளேட்டன்ங்கற பகுதில நாங்க குடிச்ச முதல் மோக்கா பவுடர் போட்டது, கடைசி வாய்ல கலங்காத பூஸ்ட் மாதிரி அடில தங்கிடுச்சு. இன்னொரு கடைல நெஜமான சாக்லேட்டை உருக்கி ஊத்துனாங்க, அது வேற ரகம். ஆனா எங்க போனாலும் ஒரே குறை, சூடு பத்தாது. பாலை 60, 65 டிகிரியோட நிறுத்திடறாங்க, அதுக்கு மேல போனா பாலோட இனிப்பு கெட்டுடுமாம். பொங்கி வர்ற பால்ல காபி குடிச்சு வளந்தவனுக்கு இது வெதுவெதுன்னுதான் இருக்கும், "எக்ஸ்ட்ரா ஹாட்"னு கேக்கக் கத்துக்கவே ரெண்டு மாசம் ஆச்சு.

ஸ்நாக்ஸ் கதை தனி. கண்ணாடிக்குள்ள பப்ஸ் மாதிரியே பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு, வாங்கிக் கடிச்சா உள்ள கறி, சாஸேஜ் ரோலாம். வீட்டம்மா சைவம், அதோட அந்தக் கடைப்பக்கம் போகல. அப்புறம்தான் கீரையும் ரிக்கோட்டா சீஸும் வெச்ச ரோலைக் கண்டுபுடிச்சோம், வெஜ் பப்ஸுக்குத் தம்பின்னு வெச்சுக்கலாம், காரம் மட்டும் சுத்தமா இல்ல.

சாயங்காலத்துக்கு வழி சொன்னது ஆபீஸ்ல ஒரு கிரேக்கக்காரர். கிளேட்டன்ல இருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி ஓக்லி, அங்க ஈட்டன் மால்னு கார் போகாத ஒரு தெரு, முழுக்க கிரேக்கக் கடைங்க, ராத்திரி வரைக்கும் தொறந்திருக்கும். கலாக்டோபூரிகோன்னு ஒரு இனிப்பு, வாய்ல நுழையலைன்னா கையைக் காட்டுனா போதும். ரவையையும் பாலையும் கஸ்டர்டாக் கிண்டி, காகிதம் மாதிரி மெல்லிசான மாவுல பொதிஞ்சு சுட்டு, பாகு ஊத்தித் தர்றாங்க. ரவைன்னதும் வீட்டம்மா ரெண்டு துண்டு பார்சல் சொல்லிட்டா.

இங்க இப்ப இருக்கற காபிக்கடைப் பழக்கமே பெரும்பாலும் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வந்த இத்தாலிக்காரங்களும் கிரேக்கக்காரங்களும் ஊன்றி வெச்சது. 2008ல ஆஸ்திரேலியாவுல இருந்த 84 கடைல 61ஐ ஸ்டார்பக்ஸ் மூடிட்டாங்கன்னா காரணம் தேட வேண்டியதில்ல, தெருவுக்குத் தெரு ஏற்கெனவே ஒருத்தர் நல்ல காபி போட்டுட்டு இருந்தா யாரு போவாங்க.

போன வருசம் அப்பா வந்தப்போ ஓக்லிக்குக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்து டேபிள்ல வயசான கிரேக்கத் தாத்தாங்க நாலு பேரு ஒரே ஒரு காபியை வெச்சுட்டு மணிக்கணக்கா சண்டை போட்டுட்டு இருந்தாங்க. அப்பா மோக்காவை ஒரு வாய் குடிச்சு, "பூஸ்ட்ல காபி கலந்துட்டானாட்ட இருக்குது"ன்னு தள்ளி வெச்சுட்டார். வர்ற வழில வாங்குன லாமிங்டனைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தார். சதுரக் கேக்கை சாக்லேட்ல முக்கி மேல தேங்காத்துருவல் பெரட்டுனது, நடுவுல ஜாம்.

"நம்ம ஹனி கேக்குடா இது. ஜாமை மேல தடவாம உள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்"னார், ரெண்டாவதை எடுத்துட்டே.