நடுவில் இருந்த இன்ஜின் பின்னால் போன கதை

எங்கள் படகு 22 அடி, பழைய ஃபைபர். நடுவில் பெட்டி போட்டு மூடிய டீசல் இன்ஜின். உப்புத்தண்ணீர் ஓடி ஓடி அதன் பிளாக்கே அரித்துப்போனது. உடம்பு நன்றாக இருக்கும் படகைக் கைவிட மனம் வரவில்லை. படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

பழைய இன்ஜின் கியர்பாக்ஸோடு 400 கிலோவுக்குக் குறையாது. செயின் பிளாக் போட்டுத் தூக்கியதும் படகு மிதந்த மிதப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். சித்தப்பாதான் தடுத்தார். "எடை குறைஞ்சது சரி, அது எங்க போய் உட்காரப் போகுதுன்னு பாரு" என்றார்.

வாங்க நினைத்திருந்த 115 குதிரைத்திறன் இன்ஜின் 170 கிலோவுக்குப் பக்கம். அது பின்பலகைக்கும் வெளியே தொங்கும் என்பதால் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போட்டு, 20 லிட்டர் கேன்கள் பத்தில் தண்ணீர் நிரப்பிப் பின்பலகையை ஒட்டி அடுக்கினோம். பின்பக்கம் அமுங்கி, தளத்தின் வடிகால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்து பார்த்தது பெரிய நிம்மதி. பேட்டரியை அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனைக்கு, கொண்டுபோனோம். புது பெட்ரோல் டேங்க் பழைய இன்ஜின் இருந்த இடத்துக்கே வந்தது. படகு நேராக நின்றது.

பெட்ரோல் என்றதும் டீசல் காலத்துப் பழக்கம் எதுவும் உதவாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். அதனால் டேங்க் அறைக்குத் தனிக் காற்றோட்டம் வைத்தோம். ஹோஸ் எல்லாம் புதிது, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் போட்டாயிற்று.

அப்புறம் பின்பலகை. ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று கேட்ட சத்தம் பழைய புகைக்குழாய்த் துளை பக்கம் வந்ததும் தொப் என்று அடங்கியது. அங்கே டிரில் போட்டார். வெளியே வந்தது மரத்தூள் இல்லை, கறுத்த கூழ். இரண்டு விரலில் வைத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டியது. வெளித்தோலை மட்டும் விட்டு, உள்ளே இருந்த பலகை முழுவதையும் சுரண்டி எடுத்தோம். 15 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் மூன்று அடுக்கை எபாக்சிப் பசையில் ஒட்டி, படகின் நீளவாட்டுக் கட்டைகளோடு முட்டுக்கொடுத்துப் பிணைத்தார். போல்ட் துளை நான்கையும் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் மறுபடி துளைத்தார். இனி எந்தத் துளையிலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இந்த வேலைக்குத்தான் அதிக நாள் ஆனது. அவசரப்படாததில் எனக்கு முழுத் திருப்தி.

இன்ஜின் கால், அதாவது பின்பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதி, 20 அங்குலமா, 25 அங்குலமா என்பதில் 25 எடுத்தோம். குட்டைக் காலுக்காகப் பின்பலகையை அதிகம் தாழ்த்தி வெட்டினால் பின்னாலிருந்து வரும் அலை நேரே உள்ளே ஏறும். பழைய இன்ஜினின் ஷாஃப்ட், சுக்கான் துளைகளை உள்ளும் வெளியும் ஃபைபர் போட்டு மூடினோம். 10 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுற்றிலும் 12 சென்டிமீட்டர் சரிவாகத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு நிற்காது.

முதல் ஓட்டத்தில் வேகம் கூட்டியதும் இன்ஜின் அலறியது, படகு நகரவில்லை. படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் ஏராக்கட்டை பின்பலகை வரை முழு உயரத்தில் ஓடியதால், அது கலக்கிய நுரைத்தண்ணீர் நேராகப் புரொப்பல்லருக்குள் போயிருக்கிறது. கடைசி மூன்றடியைச் சரிவாகச் செதுக்கி மூடியதும் அந்த அலறல் நின்றது. அடுத்து, முழுச் சுமையில் இன்ஜினின் சுற்று நிமிடத்துக்கு 5,000-ஐத் தாண்டவில்லை. அந்த இன்ஜினுக்கு 5,000 முதல் 6,000 வரை இருக்க வேண்டும். பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒருமுறை சுழன்றால் முன்னேற வேண்டிய தூரம், ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். இரண்டு அங்குலம் குறைந்த புரொப்பல்லர் மாட்டினோம், 5,400-க்கு வந்தது.

இன்ஜின் பின்னால் இருப்பதால் பின்பக்கமாக வலை இழுக்க இனி முடியாது, பக்கவாட்டில்தான். அது எனக்கு இன்னும் கைவரவில்லை. ஆனால் முன்பு புரொப்பல்லரில் கயிறு சுற்றினால் கத்தியோடு யாராவது குதித்தாக வேண்டும். போன வாரம் அப்படிச் சுற்றியபோது இன்ஜினை மேலே தூக்கி, படகுக்குள் நின்றபடியே அறுத்து எடுத்தேன்.