என் மகளின் பெயர் பென்சிலில் இருந்த ஐந்து மாதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் செய்தி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்து சேர்வது பிள்ளைகள் வழியாகத்தான். போன வருஷம், 2025 மே மாதம், நாலாம் ஆண்டு படிக்கிற பக்கத்துக் காம்பரா வீட்டுப் பையன் தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் வாசலில் வந்து நின்றான். "அக்கா, அடுத்த வருஷத்துக்கு ஒண்ணாம் ஆண்டுக்குப் பேரு எழுதுறாங்களாம். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னாங்க." சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடிவிட்டான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை.

எப்படி இல்லாமல் போனது என்று பலர் கேட்டார்கள். 2020 மார்ச் 20இல் இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். மகள் பிறந்தது ஏப்ரலில். ஆஸ்பத்திரியிலேயே பதிந்திருக்கலாம். பெயர் இன்னும் முடிவாகவில்லை, முப்பத்தோராம் நாள் சடங்கு கழியட்டும், அப்புறம் எழுதிக்கொள்வோம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. முப்பத்தொன்று வந்தபோது பஸ் இல்லை, டவுனில் கந்தோர், அதாவது அலுவலகம், திறக்கவில்லை. கொழுந்து எடுக்கிற வேலை மட்டும் தோட்டத்தில் நிற்கவில்லை. நான் மறுபடி வேலைக்கு இறங்கினேன், வீட்டுக்காரர் கொழும்புக்குப் போனார், மூன்று மாதம் தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால் அது காலங்கடந்த பதிவு. அதற்கு வேறு படிவம், வேறு அத்தாட்சிகள், வேறு அலைச்சல்.

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, காலத்தில் பிள்ளை பிறந்தால் தோட்டக் கந்தோரில் போய்ச் சொன்னால் போதும், தோட்டத்தை நடத்துகிற துரை எழுதிப் பதிவாளருக்கு அனுப்பிவிடுவாராம். அந்த நினைப்பில் அம்மாயி, "கந்தோருல சொல்லிட்டியா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு வரை, ஒரே ஒரு வாத்தியாரிடம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அதற்கு முன்பே அம்மாயி கூடையைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, மலையிலிருந்து இறங்கி அதிபரைப் பார்க்கப் போனேன். உள்ளதைச் சொன்னேன். அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், உங்கள் பிள்ளைக்கு முடிந்திருக்கிறது" என்றார். பிறகு சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "அஞ்சு வயசிலிருந்து பதினாறு வயசு வரைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கணும்னு சட்டம் இருக்கு. காகிதம் இல்லைன்னு நான் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனா நீங்க காகிதத்தை எடுத்தே ஆகணும். அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கும் கேப்பாங்க, அடையாள அட்டைக்கும் கேப்பாங்க." முதலாம் தரப் பட்டியலை எடுத்து, மற்றப் பிள்ளைகளின் பெயருக்குக் கீழே என் மகளின் பெயரைப் பென்சிலால் எழுதினார். பத்தொன்பதாவது பெயர்.

அந்தப் பென்சில் எழுத்தை நான் ஐந்து மாதம் மனத்தில் சுமந்தேன்.

மேட்டு லயத்தில் இன்னொரு தாய்க்கும் இதே நிலைமை என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதிக்குப் போய்ப் பதிவைத் தேடச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பிறப்பு எங்கும் பதியப்படவில்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் அடுத்த அடி இல்லை. அங்கே எனக்குக் கிடைத்த படிவம் சிங்களத்தில் மட்டும் அச்சடித்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். ஆரம்பப் பிரிவு டீச்சர்தான் அதைப் பார்த்துவிட்டு, "1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, தமிழ்ப் படிவம் இருக்கும், கேளுங்கள்" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார். கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அவ்வளவுதான். கேட்காததால் ஒரு நாள் பேர், 1350 ரூபாய், போனது.

அப்புறம் அத்தாட்சி சேர்ப்பது. சனிக்கிழமை காலையில் கிராம சேவகரான ஜி.எஸ். ஐயாவிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கினேன். தோட்டக் கந்தோரில் ஒரு கடிதம். ஆஸ்பத்திரியில் வார்டு டிக்கெட் எண்ணைச் சொல்லி, இன்ன நாளில் இன்னார் பெண் பிள்ளை பெற்றார் என்று ஒரு கடிதம். ஜாதகக் குறிப்பு ஒன்று கோயில் ஐயர் எழுதித் தந்தது இருந்தது, அதையும் வைத்தேன். நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் ஆயா பழைய பெயர் இடாப்பை எடுத்து, மகள் முதன்முதலில் வந்த நாளைத் தேடிக் காட்டினார். விரலை எச்சிலில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பி, "இந்தா, உன் மக" என்று அவர் நிறுத்திய பக்கத்தில் பால்மாக் கறை ஒன்று இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது கிளினிக் புத்தகம். அதை நான் ஒரு சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். முதல் ஊசி பி.சி.ஜி., பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் போட்டது, திகதியோடு இருக்கிறது. அதற்குப் பிறகு மாதாமாதம் நிறை, ஒவ்வொரு ஊசிக்கும் மிட்வைஃப் மிஸ்ஸின் கையெழுத்து. ஊரடங்கு நாளிலும் அந்த மிஸ் லயத்துக்கே நடந்து வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பதிவாளர் பகுதியில் இருந்த பெண் அந்தப் புத்தகத்தை முழுக்கப் புரட்டிவிட்டு, மகளைக் கிட்டே கூப்பிட்டு, இடது தோளில் இருக்கிற தழும்பைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. உங்கள் வீட்டில் என்ன தொலைந்தாலும் கிளினிக் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் என் பெயரிலேயே இருந்தது. அடையாள அட்டையில் என் பெயர் அம்மாள் என்று முடிகிறது. விவாகச் சான்றிதழில் அந்த அம்மாள் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான், ஜே.பி., முன்னால் சத்தியக் கடதாசி முடிக்கச் சொன்னார்கள். ஜே.பி. எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்காரர்தான். முதலாம் தர வகுப்பறைக்குச் சாயம் பூசுகிற சிரமதானத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர், கையைத் துடைத்துவிட்டு அங்கேயே பிள்ளைகளின் குட்டி மேசையில் வைத்து எழுதினார். கடதாசியின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் சாயம் ஒட்டிவிட்டது. வேறு எழுதட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். கந்தோரிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாய் தகப்பன் இரண்டு பேருடைய பெயரும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால் எனக்கு ஆன அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சம்.

வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அதோடு காத்திருப்பது மட்டும்தான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் போனது. இரண்டு தடவை போய்க் கேட்டேன், இன்னும் வரவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்து மழையில் நனைந்துகொண்டு போய் வருவேன். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டும்போது டீச்சர் கையை உயர்த்தி என்ன ஆச்சு என்று கேட்பார். நான் தலையை ஆட்டிவிட்டு நடப்பேன். இந்தக் காலத்தில் எனக்குள் இருந்த பயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. பிள்ளைகளின் தொகை குறைந்தால் இதை மூடிவிடுவார்களோ என்று தாய்மார் நாங்கள் பைப்படியில் பேசிக்கொள்வோம். மூடினால் ஆறு வயதுப் பிள்ளை மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடந்து அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலில் இருப்பது எங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அக்டோபரில் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியிருந்ததை வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். நல்லவேளை வாசித்தேன். மகளின் பெயரில் ஒரு ழ இருக்கிறது. சிங்களத்தில் ழ கிடையாது. சிங்களத்தில் எழுதியதைப் பார்த்துத் தமிழில் எழுதியபோது அது ளவாகிவிட்டிருந்தது. அம்மாயி தேடித்தேடி வைத்த பெயர். "ஐயா, இது ழ" என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். அவர் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தார். அதில் மிட்வைஃப் மிஸ் ழ என்றுதான் எழுதியிருந்தார். திருத்தி எழுதித் தந்தார். பதிந்த பிறகு திருத்துவது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சான்றிதழைக் கொண்டுபோய் அதிபரின் மேசையில் வைத்தேன். ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு மூலத்தை என்னிடமே தந்தார். பட்டியலை எடுத்தார், பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார், பேனாவைத் திறந்தார். "சிறப்பு ழ தானே?" என்று கேட்டுவிட்டு எழுதினார்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கியபோது, ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் இறங்கி ஓடினோம். சான்றிதழும் கிளினிக் புத்தகமும் பொலித்தீனில் சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. உடுதுணி எடுக்கவில்லை, அந்த டின்னை மட்டும் எடுத்தேன். சாயம் காய்ந்த அந்த மஞ்சள் வகுப்பறையில்தான் எட்டுக் குடும்பம் படுத்திருந்தோம். குட்டி மேசைகளைச் சுவர் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தோம். மகள் என் மடியில் தூங்கினாள்.

இந்த வருஷம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரவேற்ற நாளில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூவோடு வரிசையில் நின்றார்கள். என் மகளின் கையைப் பிடித்துக்கொண்ட சிறுமிக்கு முன்பல் இரண்டும் இல்லை. காலைக் கூட்டத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று தாளைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்தாள். மழைச் செய்தி, பாதைச் செய்தி, பிறகு பாடசாலைச் செய்தி. "எமது பாடசாலையில் இன்று முதலாம் தரத்துக்குப் பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்துள்ளார்கள்." அம்மாயிக்குக் காது மந்தம். என் தோளைத் தட்டி, "என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். நான் அவர் காதருகே குனிந்து இன்னொரு தடவை சொன்னேன்.