வெள்ளைக்கருவுக்குள் ஒரு பூட்டு

ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டை இன்று காலை கைதவறிச் சமையல் மேடையில் வழிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வெள்ளைக்கரு விரலோடு இழுபட்டு வந்தது.

எரிச்சலோடுதான் துடைத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

1944இல் ஷேட், கரோலின் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கொழகொழப்பில் கிருமிகள் ஏன் வளரவில்லை என்று பார்த்தார்கள். என்னென்னவோ சேர்த்தும் பலனில்லை. இரும்பைச் சேர்த்ததும் கிருமிகள் தழைத்தன.

அவற்றைத் தடுத்தது நஞ்சல்ல, பட்டினி! வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருந்தது.

1946இல் அதன் உறவுக்காரப் புரதத்தை மனித ரத்தத்திலும் கண்டார்கள். இன்று அதன் பெயர் டிரான்ஸ்ஃபெரின். நம் உடலில் இருப்பதே 3, 4 கிராம் இரும்பு. அதற்கும் இத்தனை காவல்.

ஆனால் மூளையுறைக் காய்ச்சலைத் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமி இந்தப் பூட்டுக்குச் சாவி வைத்திருக்கிறது. அதன் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள். ஒன்று, இரும்பு சுமந்த டிரான்ஸ்ஃபெரினாகப் பார்த்துப் பிடிக்கிறது. மற்றொன்று இரும்பைப் பிடுங்கி உள்ளே தள்ளுகிறது. பஸ்ஸில் கனத்த சட்டைப்பையை மட்டும் நெருங்கும் ஜேப்படிக்காரன்தான் நினைவுக்கு வருகிறான்.

மாட்டின் டிரான்ஸ்ஃபெரினைக் கொடுத்தால் அது சீண்டுவதில்லை. மனிதருடையதுதான் வேண்டுமாம்.

நாமும் சும்மா இருக்கவில்லை. மனிதர், குரங்கினங்களின் டிரான்ஸ்ஃபெரின்களை 2014இல் ஒப்பிட்டபோது, கிருமி கைவைக்கும் இடங்களே பரிணாமத்தில் வேகமாக மாறியிருப்பது தெரிந்தது. பல கோடி ஆண்டுகளாகப் பூட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

மேடை இன்னும் பிசுபிசுக்கிறது.