அலைவாங்கியை அடைத்துவைக்க வீடு கட்டிய அனுபவம்

பகலில் மண்ணடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ரசீதுகளோடு மாரடித்துவிட்டு, இரவில் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து மிகுபுனைவு எழுதுகிறவன் நான். உயிரும் அறிவும் உள்ள ஒரு மாய வீடு, எவராலும் வெல்ல முடியாத ஆற்றல் படைத்தவர்களைத் தன் அறைகளில் அடைத்து வைத்திருக்கிறது என்பதே என் நாவலின் அடிப்படை. சொல்லும்போது ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த எண்ணத்தைப் படிப்பவர் நம்பும்படி எழுதி முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகளும் நான்கு வரைவுகளும் ஆயின. இதே வகைக் கதையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். நான் எங்கே இடறினேன், எது கைகொடுத்தது என்று எழுதிவைத்தால் அவர்களுக்குப் பயன்படலாம்.

கதையின் முதன்மைக் கைதி அலைவாங்கி. அவள் கையை நீட்டி அழைத்தால் கடல் கரையை விட்டு அவளிடம் வந்துவிடும். முதல் வரைவில் அவளை ஏழு சுவர்களுக்குள் வைத்து, சுவருக்கு ஒரு மந்திரம் எழுதினேன். காசிமேட்டுக்காரரான என் அலுவலக நண்பர் அதைப் படித்துவிட்டு, தேநீர்க் கடையில் நின்றபடியே, "கடலையே வாங்குறவளுக்கு சொவரு இன்னா பெரிய விசயமா?" என்று கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றிரவு நான் செய்தது சுவர்களை ஒன்பதாக உயர்த்தியதுதான். சுவர் அவளைவிட வலியது என்றால் அவளைப் பேராற்றல் படைத்தவள் என்று சொல்வதில் பொருளில்லை. அவள் வலியவள் என்றால் அவள் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்ற கேள்விக்குப் பதிலில்லை. இந்தக் கண்ணியில் மாட்டியே ஓர் ஆண்டு போயிற்று.

இரண்டாம் வரைவில் வீட்டைப் பேசவைத்தேன். அது சிரித்தது, மிரட்டியது, நடைகூடங்களை இடம் மாற்றியது. எழுதும்போது உற்சாகமாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தால், மீசையை முறுக்கும் பழைய படத்து வில்லனுக்குக் கூரை போட்டது போல இருந்தது. ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர், "வீட்டுக்கு என்ன வேண்டும்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் அவர்மேல் கோபமாக இருந்தேன். பிறகு அந்தத் தாளை எழுதுமேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

வழி முதலில் திறந்தது அடுத்த வீட்டில். எங்கள் தெருவில் மெட்ராஸ் தளம் போட்ட வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகக் கோணவாக்கில் அடுக்கி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. அடுத்த வீட்டில் பழுது பார்க்க வந்த வயதான கொத்தனார், காரை பெயர்ந்த இடத்தில் விரல் மடக்கித் தட்டித் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பிடிப்பு விட்ட இடத்தில் ஓசை பானையைத் தட்டினாற்போல் வந்தது. பிடிப்பு உள்ள இடத்தில் மந்தமாக வந்தது. நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, "கையை வெச்சுப் பாரு சார். இது மூச்சு வுடுற சொவரு. மேல சிமெண்டைப் பூசுனா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். அப்பால வூடு உள்ளுக்குள்ளயே அழுவும்" என்றார். கையை வைத்தேன். வெயில் நேரத்திலும் சுவர் குளிர்ந்து, லேசான ஈரத்தோடு இருந்தது.

அவர் சொன்னது தொழில் விவரம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. எனக்கோ அது பாத்திரப் படைப்பாகப் பட்டது. வீட்டுக்கு உயிர் இருக்கிறது என்பதைக் காட்ட அதற்கு வாய் தேவையில்லை. உள்ளே இருப்பவர் அழுதால் சுவர் ஈரத்தை வாங்க வேண்டும், கோபப்பட்டால் வெப்பத்தை வாங்க வேண்டும், இரவில் அதையெல்லாம் வெளியே விட வேண்டும். மறுநாளே வீட்டின் வசனங்கள் அத்தனையையும் அடித்துவிட்டேன். கிட்டத்தட்ட அறுபது பக்கம்.

அடுத்த உதவி, சமையற்கட்டில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியிலிருந்து வந்தது. ஆற்றல் மிக்க ஒருவரை அடக்கிவைத்த வீடு எங்கே இருக்கிறது என்று நான் அலைந்துகொண்டிருக்க, நம் மரபில் ஒவ்வொரு வீடுமே அப்படித்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சிவபெருமானின் வியர்வையில் பிறந்து உலகத்தையே விழுங்க வந்த பூதத்தைத் தேவர்கள் குப்புறத் தள்ளி, ஆளுக்கோர் உறுப்பின்மேல் அமர்ந்து அழுத்தியதாகவும், அவனே வாஸ்து புருஷன் என்றும் புராணம் சொல்கிறது. தலை ஈசானியத்தில், கால் தென்மேற்கில். மேலே அமர்ந்திருப்பவர்கள் 45 பேர்; சுற்றிலும் 32, உள்ளே 13. அவனும் சும்மா கிடக்கவில்லை. இனி வீடு கட்டுகிறவர்கள் எனக்குப் பூசை செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

நாள்காட்டியில் இருந்தது அவனுடைய எழும் நேரம். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 ஆகிய எட்டு நாட்களில் மட்டும் அவன் கண் விழிக்கிறான். ஒவ்வொரு முறையும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். அதில் பல் துலக்க 18 நிமிடம், நீராட 18, பூசைக்கு 18, உணவுக்கு 18, தாம்பூலத்துக்கு 18. கூட்டிப் பார்த்தேன். ஆண்டுக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் விழிப்பு. மனைபூசைக்கு நாள் பார்க்கிறவர்களுக்கு இது நல்ல நேரக் கணக்கு; சிறைக்கதை எழுதுகிறவனுக்கோ இதைவிடக் கச்சிதமான சிறை விதி வேறெங்கும் கிடைக்காது. ஆவணி 6-இல் தாம்பூலம் போட்டுப் படுத்தவன் ஐப்பசி 11 வரை, இரண்டு மாதத்துக்கும் மேலாக எழுவதில்லை என்பதைக் கண்டதும், அலைவாங்கிக்கும் இதே விழிப்பு விதியை வைத்து, கதையின் உச்சத்தை அந்த ஐப்பசி விழிப்பில் வைத்துவிட்டேன்.

மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்டேன். 81 கட்டங்கள் கொண்ட இந்த அமைப்புக்குப் பரமசாயிகம் என்று பெயர். துணி காயப்போட வந்த என் மனைவி, "என்னங்க, பரமபதம் ஆடப் போறீங்களா?" என்று கேட்டாள். நடுவில் உள்ள ஒன்பது கட்டங்கள் பிரம்மாவுக்கு உரியவை. என் கதையில் அவை முற்றமாயின. மற்ற இடங்களில் மீதி 44 தேவர்களுக்குப் பதிலாக 44 வீட்டுப் பொருட்களை வைத்தேன்: அம்மி, உறி, மாடக்குழி, நிலைப்படி, கிணற்றுச் சகடை, இப்படி. அலைவாங்கியின் ஆற்றலில் ஒரு துளியை மட்டும் ஒவ்வொன்றும் பிடித்துக்கொண்டிருக்கும். உடைத்தெறிவதற்கு ஒற்றைச் சுவர் இல்லை, திருடுவதற்கு ஒற்றைச் சாவி இல்லை. நண்பர் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. ஆசிரியரின் கேள்வி மட்டும் மேசைக்கு மேலேயே இருந்தது.

அதற்கு விடை தேடித் திருவொற்றியூர் போனேன் என்று சொன்னால் கதை கட்டுவதாகிவிடும். மாமியாரின் வேண்டுதலுக்காகப் போனேன். மெட்ரோவில் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கம்தான். உக்கிரம் தணிக்கப்பட்ட வட்டப்பாறை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து மகிழ மரத்தடியில் நின்றபோது, சிறுவயதில் கேட்ட சுந்தரர் கதை வேறு முகம் காட்டிற்று. சங்கிலி நாச்சியாரை மணக்க, உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்தால் அது கட்டிப்போட்டுவிடுமே என்று, அந்த நேரத்தில் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடமே முன்கூட்டிச் சொல்லிவைத்தார். இறைவன் சரி என்று சொல்லிவிட்டு, மகிழடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியாரிடமும் சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பின்னாளில் திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டியபோது இரண்டு கண்களும் பார்வை இழந்தன.

அந்த ஊருக்குச் சுவரே இல்லை. வெளியேற அவரை யாரும் தடுக்கவும் இல்லை. திரும்பும்போது மெட்ரோவில், எந்த இடத்தில் அவருக்குக் கண் இருண்டிருக்கும் என்று யோசித்து, என் வசதிக்காக டோல்கேட் நிலையத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, வண்டி அதைத் தாண்டும்போது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரில் இருந்த பையன் சிரித்தான்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒற்றி இருக்கிறது. நான் குடியிருந்த வீடும் ஒற்றிதான். எங்கள் பக்கம் லீசு என்போம். ஐந்து லட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். வாடகை கிடையாது, வட்டி கிடையாது. அவர் பணத்தைத் திருப்பும் வரை வீடு என் கையில். அடமானமாக வைத்ததை, கடனைத் தீர்த்து மீட்கும் உரிமை உடையவருக்கு உண்டு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அலைவாங்கி தன் அலையை ஒற்றிக்கு வைத்தவள் என்று அன்றிரவு எழுதினேன். அவள் கோபத்தில் அழைத்த கடல் அவளுடைய சொந்தக் கரையையே மூழ்கடிக்க வந்தபோது, இந்த வீடு தன் கிணற்றுக்குள் அந்த வெள்ளம் முழுவதையும் வாங்கிக்கொண்டது. அந்தக் கடன் தீரும் வரை அவளுடைய ஆற்றல் வீட்டின் கையில். அந்த ஆற்றலால்தான் சுவர் மூச்சு விடுகிறது, வீடு நினைக்கிறது, அஞ்சுகிறது. அவள் மீட்டுக்கொண்டு போகும் நாளில் அது வெறும் செங்கல். வீட்டுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு, அவள் கடனைத் தீர்க்காமல் இருக்க வேண்டும் என்பதே விடையாயிற்று. ஆனால் பட்ட கடனைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டால் மறுக்க அதனால் இயலாது.

இதை எழுதும்போது வேறொன்றும் புரிந்து சற்றுச் சங்கடமாக இருந்தது. அதுவரை நான் அலைவாங்கியின் பக்கம் நின்று எழுதுவதாக நினைத்திருந்தேன். ஒற்றிக் கணக்குப்படி பார்த்தால், பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவன் நான். நாவலில் என் இடம் வீட்டின் இடம். மகாபலியைப் பாதாளத்தில் அமர்த்திய திருமால் அவனுடைய வாசலிலேயே காவல் நிற்பதாகச் சொல்லும் கதையும் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வரைவைத் தூக்கி வைத்துவிட்டு, முழுக் கதையையும் வீட்டின் பார்வையிலிருந்து திரும்ப எழுதினேன். ஐந்து மாதம் பிடித்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, தினமும் இரவு ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை எழுதினேன், அவ்வளவே.

கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. அலைவாங்கி கடனைத் தீர்த்துவிட்டாள், ஐப்பசி 11-இல் விழித்து வெளியேறுகிறாள். அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மகன் வந்து தங்கப் போகிறானாம். தண்டையார்பேட்டையில் வேறு இடம் பார்த்துச் சாமான்களை இறக்கிவிட்டோம். சாவியைக் கொடுத்த அன்று நல்ல மழை. எங்கள் நிலைக்கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சட்டத்தில் பிடிக்கும். வீட்டுக்காரரின் மகன் இரண்டு கையாலும் இழுத்தார், உதைத்தார், கதவு சாத்தவே இல்லை. தெருவுக்கு இறங்கிவிட்ட நான் திரும்ப மாடியேறி, கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரு விரற்கடை தூக்கி, தாழ்ப்பாளுக்குக் கீழே இடது தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சத்தமில்லாமல் போய்ப் பொருந்திற்று. "எப்படிண்ணே?" என்றார் அவர். இன்னொரு முறை செய்து காட்டினேன்.

நான்காம் வரைவில், வீடு தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறது. தன் கதவைத் தானே சாத்தும் வலு அதற்கு இல்லை. மழைச்சாரல் உள்ளே அடிக்கிறது. படியிறங்கிப் போய்விட்ட அலைவாங்கி திரும்பி வந்து, கதவை ஒரு விரற்கடை தூக்கி, இடது தோளைக் கொடுத்துச் சாத்துகிறாள்.