கேன், க்ன்: பாளையங்கோட்டை நர்ஸின் நாட்குறிப்பு

ஜூன் 24

வெளிநாட்டு வேலைக்கு நர்ஸ், டாக்டர் போன்றவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வான ஓ.இ.டி.க்கு லிசனிங் பயிற்சி தொடங்கியாயிற்று. முதல் பகுதியில் நோயாளி பேசப் பேச, குறிப்பில் விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் தெளிவாகக் காதில் விழுகின்றன. நடுவில் வரும் பொடிச் சொற்கள்தான் வம்பு. ஹேவ், வாஸ், கேன், டூ என்று பள்ளியில் வாய் நிறையப் படித்த துணைவினைகள் பேச்சில் 'அவ்', 'வஸ்', 'க்ன்', 'ட' என்று ஒடுங்கிவிடுகின்றன.

இங்கிலீஷில் அழுத்தம் வாங்குகிற சொல்லுக்குத்தான் மரியாதை. மற்றவை இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நாமோ எல்லா அசைக்கும் தாராளமாக நேரம் கொடுத்துப் பேசுகிறவர்கள்.

ஜூன் 29

ஞாயிறு. எங்கே சுருக்கக் கூடாது என்பதை முதலில் பிடித்துக்கொண்டேன். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முழுசு: 'யெஸ், ஐ கேன்'. அங்கே 'க்ன்' என்று ஒருத்தரும் சொல்வதில்லை. 'நாட்' ஒட்டிக்கொண்டாலும் முழுசு. எதிராளி சொன்னதை மறுக்கும்போதும் முழுசு. மாத்திரை போடவில்லையே என்றால் 'ஐ டிட் டேக் இட்' என்பதில் 'டிட்'டுக்குத்தான் அடி விழும்.

எங்கள் வேலைக்கு உயிரான இடம் கேன், கான்ட்தான். பிரிட்டிஷ்காரர் 'கான்ட்' என்று நீட்டிவிடுவதால் பிழைத்தோம். அமெரிக்கர் சொல்வது 'கேன்ட்'. அதிலும் கடைசி 'ட்' பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். 'யூ கேன் டேக் இட் வித் ஃபுட்' என்று நம் ஊர் வழக்கப்படி 'கேன்'னை அழுத்திச் சொன்னால், அடுத்து வரும் 'டேக்'கின் 'ட்'டும் சேர்ந்துகொண்டு 'கேன்ட் டேக்' என்று கேட்கும். சாப்பாட்டோடு போடலாம் என்று நாம் சொன்னது, போடக் கூடாது என்று போய்ச் சேரும். 'யூ க்ன் டேக் இட்' என்று 'டேக்'கில் மட்டும் அழுத்தினால் குழப்பமே இல்லை. ஸ்டைலுக்காகத்தான் இப்படிச் சுருக்கிப் பேசுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஜூலை 2

நைட் டூட்டி. வண்ணார்பேட்டை வரை பஸ்ஸில் ஹெட்போன். கண்டக்டர் விசிலுக்கு நடுவில் 'வஸ்' எங்கே கேட்கும்?

ஜூலை 8

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை என்பதால் மதினி வீட்டில் இருந்தாள். பள்ளியில் தமிழ் எடுக்கிறவள். நான் 'ஐவ், ஐவ்' என்று முனகுவதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதுல என்னட்டி அதிசயம்? நாம மட்டும் 'போய்விட்டான்'னா சொல்லுதோம்? 'போயிட்டான்'னுதான சொல்லுதோம்."

"அது பேச்சுத் தமிழ்லா மதினி."

"நீ படிக்கதும் பேச்சு இங்கிலீஷ்தான?"

வாயடைத்துப் போனேன். அவள் விடவில்லை. 'கையை விட்டுட்டான்' என்று சொல்லச் சொன்னாள். முதல் 'விட்டு' முதன்மைவினை, முழுசாக நிற்கிறது. இரண்டாவது துணைவினை, 'ட்டான்' என்று தேய்ந்துவிட்டது. ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன. என் புத்தகத்தில் அன்றைய பாடம் 'ஐவ் ஹேட் எ ஃபீவர்'. முதல் 'ஹேவ்' துணைவினை, வெறும் 'வ்'. அடுத்த 'ஹேட்' முதன்மைவினை, முழு உருவம். கணக்கு அப்படியே பொருந்துகிறது!

அப்புறம் குற்றியலுகரத்துக்குப் போய்விட்டாள். 'நடு'வில் உகரத்துக்கு ஒரு மாத்திரை, 'நாடு'வில் அரை மாத்திரை. அரை மாத்திரையைத் தொல்காப்பியமே அளந்து வைத்திருக்க, நீ என்ன இங்கிலீஷ்காரனைப் பார்த்து மலைக்கிறாய் என்று கேட்டாள். தேர் பார்க்கக் கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

ஜூலை 13

ஸ்பீக்கிங்குக்கு ரோல் ப்ளே, ஆளுக்கு ஒரு வேஷம். ஒன்று ஏறத்தாழ ஐந்து நிமிஷம். மதினி நோயாளி, நான் நர்ஸ். போனில் பதிவு செய்து கேட்டதில் ஒன்று தெரிந்தது. சுருக்கும் ஆசையில் மருந்தின் பெயரையும் அளவையும் சேர்த்து விழுங்குவதைவிட, பழையபடி எல்லாவற்றையும் முழுசாகச் சொல்வதே மேல். காதுக்கு எல்லாச் சுருக்கமும் தெரிந்திருக்க வேண்டும். வாய்க்கு க்ன், வஸ், அவ் போல நாலைந்து போதும். யூடியூபில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் வாயைத்தான் பழக்குகிறார்கள், காதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து 'ஷுட் ஹேவ்'. பேச்சில் 'ஷுடவ்'. 'ஆஃப்' (of) என்ற சொல்லும் சுருங்கினால் அதே 'அவ்'தான். அதனால் இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிலேயே பலர் 'ஷுட் ஆஃப்' என்று தப்பாக எழுதுகிறார்கள். இதைச் சொன்னதும் மதினிக்கு ஒரே சந்தோஷம், பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிறவள் இல்லையா.