ஸ்பீடோ முள் ஓடுது, வண்டி ஓடவில்லை

போன வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் என் 1997 லேண்ட் ரோவர் டிஃபென்டர் (எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்) படுத்துவிட்டது. கோட்டை வாசல் தாண்டி, மான்கள் மேயும் இடமும் தாண்டி, கடைசி ஏற்றத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் அலறுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. சரி, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பார்ப்போம் என்றால், இழுத்த ஹாண்ட் பிரேக்கோடு மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. கால் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். மச்சான் குதித்து இறங்கி இரண்டு கல்லைத் தேடிப் பிடித்துப் பின் ரயருக்கு அண்டை கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த ஒரு நிமிடத்திலேயே வண்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. எனக்கு விளங்க நாலு நாள் எடுத்தது.

தெரிந்த ஒருவரின் லொறியில் கயிறு கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "கியர்பொக்ஸ் போயிட்டுது." ஒரு கராஜில் கியர்பொக்ஸையும், அதன் பின்னால் சுற்றலை முன், பின் அக்சிலுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸையும் சேர்த்து இறக்க வேண்டும், இரண்டு லட்சம் கையில் இருக்கட்டும் என்றார்கள். வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆர்380 கியர்பொக்ஸின் மெயின் ஷாஃப்ட் பல் (ஸ்பிளைன்) தேய்வது பழைய கதை என்பதால் நானும் நம்பிவிட்டேன். இரண்டு இரவு தூக்கம் இல்லை.

பிறகு கிண்ணியாவில் இருக்கும் நானா ஒருவருக்குப் போன் போட்டேன். இந்த வண்டிகளோடேயே வயது போனவர். கதையை முழுக்கக் கேட்கவும் இல்லை.

"தம்பி, வண்டி நிக்கக்குள்ள கியர் போட்டா ஸ்பீடோ முள் ஏறுதா?"

கவனிக்கவில்லை என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டேன். முள் 20, 30 என்று ஏறுகிறது. முற்றத்து மாமர நிழலில் நின்றபடியே மணிக்கு 40 கிலோமீற்றர்!

"அப்ப கியர்பொக்ஸுக்கு ஒண்டுமில்ல. கட்டையை எடுத்துப்போட்டு லொக்கைப் போட்டுப் பாருங்க."

டிஃப் லொக் லீவரைத் தள்ளினேன். விளக்கு எரிந்தது. கிளச்சை விட்டதும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல் முன்னால் போனது. சந்தோஷமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

டிஃபென்டர் வைத்திருப்பவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். முன், பின் அக்சிலுக்குச் சுற்றலைப் பிரிக்கும் நடு டிஃபரன்சியல் திறந்த வகை. முன்னோ பின்னோ ஒரு பக்கம் அறுந்தால் சுற்றல் முழுக்க அந்தப் பக்கமே ஓடிவிடும். மற்ற அக்சிலுக்கு ஒன்றும் வராது. லொக் போட்டால் இரண்டும் கட்டுப்பட்டு, நல்லாக இருக்கும் அக்சில் இழுக்கும். ஸ்பீடோ கேபிள் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின் அவுட்புட்டில் இருந்து வருகிறது. ஆகவே நிற்கிற வண்டியில் முள் ஏறினால் கோளாறு பின் பக்கத்தில். மெயின் ஷாஃப்ட் போயிருந்தால் முள் அசையாது, லொக் போட்டாலும் வண்டி நகராது. ஹாண்ட் பிரேக்கும் இதையேதான் அன்று சொன்னது. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் அக்சிலுக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தால் எதைப் பிடித்து என்ன? ஹாண்ட் பிரேக் இல்லாமல் கியரில் மட்டும் விட்டு நிறுத்தினாலும் உருளும். இந்த நிலையில் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கட்டை வையுங்கள்.

(லொக் போட்டுத் தார் வீதியில் ஓடலாமா என்று மச்சான் பயந்தான். பின் பக்கம் அறுந்திருக்கும்போது இறுகுவதற்கு ஒன்றும் இல்லை. அது வெறும் முன் சக்கர வண்டிதான். ஊருக்குள்ளேயே அனுராதபுரச் சந்தி வரை போய் வந்தேன்.)

அடுத்தது இடமா வலமா. பின் டிஃபரன்சியலைத் திறக்கத் தேவையில்லை. பின் ஹப் இரண்டின் நடுவிலும் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஹாஃப் ஷாஃப்ட்டின் (டிஃபரன்சியலில் இருந்து சக்கரத்துக்கு வரும் தண்டு) நுனியும் அதைப் பிடிக்கும் சேர்கிளிப் என்ற வளையமும் தெரியும். நுனியில் ஒரு பொட்டு, அதன் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் ஃபிளேஞ்சில் ஒரு பொட்டு, வெள்ளைப் பெயின்ட். திரும்பவும் கட்டை வைத்து, லொக்கை எடுத்து, மச்சானை ஏற்றி முதல் கியர். வலது பக்கப் பொட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. இடது பக்கம் ஃபிளேஞ்ச் அசையாமல் நிற்க, அதற்குள்ளே ஷாஃப்ட் நுனியும் சேர்கிளிப்பின் இரண்டு காதும் மணிக்கூட்டு முள்போலச் சுற்றின. மச்சானையும் இறக்கிக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு நான் ஏறி இன்னொருமுறை சுற்றினேன்.

அதன் பிறகு அந்தச் சேர்கிளிப்போடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டு. துருவில் ஒட்டிப்போய் இருந்தது. பிளையரின் இரண்டு நுனியும் முறிந்தன. டீசல் ஊற்றி ஊறவிட்டு, இரண்டு சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பி, அது பறந்து கோழிக்கூட்டுக்குள் விழுந்து, தேடி எடுத்தாயிற்று. மிச்சம் ஐந்து போல்ட்தான், சக்கரத்தைக்கூடக் கழற்றத் தேவையில்லை. அந்தப் பக்கத்தை ஜாக்கியில் உயர்த்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஷாஃப்ட்டை உருவும்போது எண்ணெய் வரும். ஃபிளேஞ்ச் கையோடு வந்தது. உள்ளே பழைய திருவலைபோலப் பல் எல்லாம் மழுங்கி, வறுத்து அரைத்த மல்லித்தூள் நிறத்தில் துருப்பொடி. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அக்சில் எண்ணெய் அந்த இடத்துக்கு வராது, பெயாரிங் கிறீஸும் எட்டாது; நாமாகக் கழற்றிக் கிறீஸ் வைத்தால்தான் உண்டு. நான் வைக்கவில்லை.

அதோடு என் இன்னொரு புத்திசாலித்தனம்: உப்புவெளியில் படகு ட்ரெய்லரை இறக்கும்போது பின் ஹப் மூழ்கும்வரை கடலுக்குள் விடுவேன். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் குளிரும்போது அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இடது ரப்பர் மூடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது.

லேத் கடையில் ஃபிளேஞ்சையும் ஷாஃப்ட்டையும் சேர்த்து வெல்ட் அடித்துத் தரவா என்றார்கள். வெல்ட் சூட்டில் ஷாஃப்ட்டின் பதம் போய்விடும், பிறகு அதன் பக்கத்திலேயே முறியும். வேண்டாம் என்றேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பழைய ஒரிஜினல் ஷாஃப்ட், இன்னொன்றில் புது ஃபிளேஞ்ச் என்று போனில் சொல்லிவைத்தேன். வெளிக்கடையின் கொப்பி ஃபிளேஞ்ச் பாதி விலைதான். ஆனால் போனமுறை வாங்கிய கொப்பி ஃபிளேஞ்ச், ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறவில்லை, லொட லொட. ஷாஃப்ட் 24 பல்லா 10 பல்லா என்று எண்ணிச் சொல்லிவிட்டு ஓடர் கொடுங்கள், கடையில் கேட்காமலே எடுத்துத் தருவார்கள்.

ஃபிளேஞ்ச் வேறு ஷாஃப்ட் வேறு இல்லாமல் ஒரே துண்டாக வரும் வகையைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. காசு சேர்ந்தால் அடுத்த வருடம். அதற்குள் வின்ச் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வாடைக்காற்று தொடங்கும் முன் புல்மோட்டைப் பக்கம் ஒரு ஓட்டம் போகவும் யோசனை.

இதற்கிடையில் வலது பக்கத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். ஃபிளேஞ்ச் திரும்பி, கிட்டத்தட்ட நெல்மணி அகலம் போன பிறகுதான் ஷாஃப்ட் நுனி திரும்புகிறது. அதுவும் வரிசையில் நிற்கிறது. கொழும்புக்குத் திரும்பவும் போன் எடுத்து ஷாஃப்ட் இரண்டு, ஃபிளேஞ்ச் இரண்டு, ரப்பர் மூடி நாலு என்று மாற்றிச் சொன்னேன். பார்சல் நாளை இரவு பஸ்ஸில் வருகிறது.